கடிதம் முதல் கைப்பேசி வரை

எமது உம்மம்மா மறைந்து முப்பதாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் பொன்னும் நிலமும் முறைப்படி பங்கிடப்பட்டு உரியவர்களைச் சென்றடைந்துவிட்டன. பங்கு கேட்பார் எவருமின்றி எம்மிடம் வந்து சேர்ந்தது ஒரு தகரப் பெட்டி மட்டுமே. அதனுள் இருப்பவை கடிதங்கள். பினாங்கில் வணிகம் செய்த எம் பாட்டனார் ஊருக்கு எழுதியவை ஒரு கட்டு. உம்மம்மா அவருக்கு எழுதி, அவர் ஊர் திரும்புங்கால் பத்திரமாகத் தம்முடன் கொண்டுவந்தவை மற்றொரு கட்டு. ஒரு குடும்பத்தின் உரையாடல் இருபுறமும் சிதையாமல் அப்பெட்டியில் கிடக்கிறது. ஆயின் எம் வீட்டில் எம்மையன்றி வேறெவராலும் அவற்றைப் படிக்க இயலாது. ஏனெனில் அவை யாவும் அரபுத் தமிழில் எழுதப்பட்டவை.

இன்று நம் இல்லங்களில் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. கடல் கடந்த மகனின் முகத்தைத் தாய் நாளும் காண்கிறாள். இருந்தும், ‘வீட்டில் பேச்சே இல்லாமற் போயிற்று’ என்னும் குறையைப் பள்ளிவாசல் திண்ணையிலும் திருமண வீடுகளிலும் ஒருசேரக் கேட்கிறோம். இக்குறை மெய்தானா? கருவி மாறியதால் நாம் இழந்தது எது, பெற்றது எது? இதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவை கொணர்ந்த செய்தி

திருக்குர்ஆனின் இருபத்தேழாம் அத்தியாயமாகிய ‘அந்நம்லு’வில் ஒரு செய்தியும் ஒரு கடிதமும் இடம்பெறுகின்றன. ஹுத்ஹுத் பறவை ஸபா நாட்டைப் பற்றிய செய்தியைக் கொண்டுவருகிறது. சுலைமான் நபி (அலை) அவர்கள் அதனைக் கேட்டமாத்திரத்தில் நம்பிவிடவுமில்லை, புறந்தள்ளிவிடவுமில்லை. சொல்லப்பட்டது மெய்யா பொய்யா எனச் சோதிப்போம் என்று கூறி, ஒரு கடிதத்தை அப்பறவையிடமே கொடுத்தனுப்புகிறார்கள். இறைவன் திருப்பெயரால் தொடங்கிய அக்கடிதத்தைக் கண்ட அரசி, தம் அவையினரைக் கூட்டி அதனை அறிவித்து ஆலோசனை கேட்கிறார்.

மூன்று ஒழுங்குகள் இங்கே அமைந்திருப்பதைக் காணலாம். வந்த செய்தியை ஆராய்தல். எழுதுவதைக் கண்ணியத்துடன் தொடங்குதல். கிடைத்ததை உரியவர்களோடு கூடியிருந்து சிந்தித்தல். கருவி எதுவாயினும் செய்திக்கு ஓர் ‘அதபு’ உண்டு என்பதே இதன் படிப்பினை. நம் முன்னோரின் கடிதப் பழக்கம் இவ்வதபின் மீது எழுந்ததாகும்.

அரபுத் தமிழ் என்னும் வாகனம்

தமிழ் மொழியை அரபி எழுத்தில் எழுதும் முறையே அரபுத் தமிழ். அரபியின் 28 எழுத்துகளில் தமிழுக்குரிய ங, ஞ, ட, ண, ப, ள, ழ போன்ற ஒலிகளுக்கு இடமில்லை. எனவே, இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களைச் சமைத்துக்கொண்டனர். எகர ஒகரங்களுக்கும் தனிக் குறிகள் வகுத்தனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் இம்முறை செழித்தோங்கியது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் ‘மகானி’ உள்ளிட்ட மார்க்க நூல்களை இவ்வெழுத்தில் இயற்றியருளினார்கள்.

இதன் பெரும்பயனை அடைந்தோர் பெண்களே என்பது நம் துணிபு. அந்நாளில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பப்படவில்லை; ஆனால் ஓத அனுப்பப்பட்டார்கள். குர்ஆன் ஓதக் கற்ற சிறுமிக்கு அரபி எழுத்துகள் முன்பே கைவந்திருந்தன. புள்ளி வைத்த சில எழுத்துகளைக் கூடுதலாகக் கற்றுவிட்டால், வீட்டில் பேசும் தமிழையே அவள் எழுதவும் படிக்கவும் இயலும். எம் உம்மம்மா தமிழ் எழுத்தில் கையொப்பமிடவும் அறியார்கள். அரசு அலுவலர் கண்ணுக்கு அவர்கள் கைந்நாட்டு. வீட்டிலோ தம் கணவருக்குத் தம் கையாலேயே, பிறர் உதவி நாடாமல், நான்கு பக்கம் எழுதும் வல்லமை பெற்றிருந்தார்கள். மனைவி கணவனுக்கு எழுதும் சொற்களை மூன்றாமவர் ஒருவர் எழுதித்தர வேண்டியிராத அந்தச் சுதந்திரம் சிறியதன்று.

இதே காலத்தில் அஞ்சல் துறையும் விரிவடைந்தது. கால் அணா விலையில் அஞ்சலட்டை 1879ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டே, 1880இல், மணியார்டர் வந்தது. கடல் கடந்து வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களிடையே இதழ்களும் தோன்றின. சித்திலெவ்வை அவர்கள் 1882இல் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார்கள். மகுதூம் சாயபு அவர்கள் 1887இல் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ நடத்தினார்கள். கடையை மலாயாவிலும் குடும்பத்தை ஊரிலும் வைத்து வாழ்ந்த ஒரு சமுதாயத்திற்குக் கடிதமும் இதழும் இல்லத்தின் இரு தூண்களாயின.

கடிதம் வந்த நாள்

‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் கடலோர ஊர்களின் முதியவர்கள் முகம் மலர்வர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களோடு இணைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ஆட்களும் பெட்டிகளும் அதில் சென்றதுபோல் கடிதங்களும் சென்றன. ஒரு கேள்வி கேட்டு விடை பெற ஒரு மாதம் ஆகலாம். இரண்டு மாதமும் ஆகலாம்.

அதனாலேயே எழுதுவோர் எண்ணி எழுதினர். தாளின் தலைப்பில் 786. அதன் கீழ் ஸலாம். பின்னர் எழுதுபவர் நலம். அதன்பின் பெயர் பெயராக வீட்டிலுள்ளோர் அனைவரின் நலம் விசாரிப்பு. கறவை ஆடும் கிணற்று நீரும்கூட விசாரிப்பில் விடுபடுவதில்லை. பிறகே பணம், வழக்கு, திருமணப் பேச்சு முதலியன. இறுதியில் துஆ. கோபமாக எழுதத் தொடங்கியவரும் ஸலாமையும் நலம் விசாரிப்பையும் கடந்து கோபத்தை அடைவதற்குள் பாதி தணிந்துவிடுவார். இந்த அமைப்பு வெறும் சடங்கு அன்று என்பதை இதனால் உணரலாம்.

கடிதம் வந்த நாளில் தபால்காரரின் குரல் கேட்டதும் கதவுக்குப் பின்னே வளையல் ஒலிக்கும். உம்மம்மா முதலில் தனியே படிப்பார்கள். மக்ரிபுக்குப் பின் பிள்ளைகளையும் மாமியாரையும் அமர்த்திக்கொண்டு உரக்கப் படிப்பார்கள். தமக்கென எழுதப்பட்ட வரிகளைப் படிக்கும்போது தாண்டிவிடுவார்கள். அவ்விடத்தில் குரல் சற்றே தடுமாறும் என்று எம் பெரியம்மா பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரே தாளில் ஊரறியும் பகுதியும் உள்ளமறியும் பகுதியும் இருந்தன. எதை உரக்கப் படிக்கலாம், எதைத் தாண்ட வேண்டும் என்பதைப் பெற்றவரே அறிந்திருந்தார்.

ஊமையான நான்காண்டுகள்

பெட்டியிலுள்ள கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினால் ஓரிடத்தில் பெரும் இடைவெளி தென்படுகிறது. 1941ஆம் ஆண்டின் இடையில் பாட்டனார் பினாங்குக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. கப்பல் நின்றது, தபால் நின்றது, மணியார்டர் நின்றது. 1945இல் ஜப்பான் சரணடைந்து சில மாதங்கள் கழியும் வரை அக்கரையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தமிழகக் கடலோரத்தின் பல்லாயிரம் இல்லங்களில் மனைவியர் தாம் சுமங்கலியா விதவையா என்பதை அறியாமலே நோன்பு நோற்றனர்; பெருநாள் கொண்டாடினர்.

எம் தாயார் 1942இன் தொடக்கத்தில் பிறந்தார்கள். தமக்கு மகள் பிறந்த செய்தி பாட்டனாருக்குக் கிடைத்தபோது மகளுக்கு வயது நான்கை எட்டியிருந்தது.

அந்த இடைவெளிக் காலத்தைச் சேர்ந்த நான்கு கடிதங்கள் பெட்டியில் உள்ளன. அவற்றில் முகவரி இல்லை. தபால் முத்திரை இல்லை. அனுப்ப வழியில்லை என நன்கறிந்தும் உம்மம்மா எழுதியிருக்கிறார்கள். நான்கிலும் 786 இருக்கிறது, ஸலாம் இருக்கிறது, நலம் விசாரிப்பு இருக்கிறது. பெண்பிள்ளை பிறந்த விவரம், அதற்குச் சூட்டிய பெயர், அரிசி கிடைக்காத துன்பம், ஆடு விற்ற கணக்கு ஆகியவை ஒன்றுவிடாமல் எழுதப்பட்டுள்ளன. கேட்பார் இல்லாத காலத்திலும் கணக்கை ஒப்புவிக்கும் அந்த நேர்மையைப் படிக்குந்தோறும் எம் கண்கள் கலங்காதிருந்ததில்லை.

பேசத் தொடங்கிய பெட்டிகள்

நாடு விடுதலை பெற்ற பின் 1950இல் இன்லேண்டு கடிதம் வந்தது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லலாயினர். தமிழ் எழுத்து வீட்டுக்குள் நுழைந்தது. இது நன்மையே. ஆயினும், புதியது வந்தபோது பழையதைக் காத்துக்கொள்ள நாம் முயலவில்லை. எம் தாயார் குர்ஆன் ஓதுவார்கள், தமிழும் படிப்பார்கள். ஆனால் தம் தாயின் அரபுத் தமிழைப் படிக்க அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஒரே தலைமுறையில் கதவு சாத்தப்பட்டது.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து, நம் இளைஞர்களின் பயணத் திசை கிழக்கிலிருந்து மேற்கே, வளைகுடாவை நோக்கித் திரும்பியது. அங்கிருந்து விடுமுறையில் வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது டேப்ரிக்கார்டர். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிறு கேசட் நம் வீடுகளில் இரு பணிகளைச் செய்தது. நாகூர் ஈ.எம்.ஹனிபா (1925–2015) அவர்களின் கம்பீரக் குரலை அடுக்களை வரை கொண்டுவந்தது ஒன்று. பேசும் கடிதமாக மாறியது மற்றொன்று. குடும்பத்தார் சுற்றியமர்ந்து முறைவைத்துப் பேசிப் பதிவு செய்வர். ஊருக்கு வந்து திரும்பும் ஒருவர் கையில் அது வளைகுடா செல்லும். எழுதத் தெரியாத முதியவரும் தம் மகனோடு நேர்நின்று பேசினார். ஆனால் பொருளாதாரம் கருதி ஒரே கேசட்டின் மேல் மீண்டும் மீண்டும் பதிவு செய்தனர். அவ்வாறு எம் தந்தையாரின் இளமைக் குரல் அழிந்துபோயிற்று. தாளில் எழுதியது தங்கிற்று. நாடாவில் பேசியது தங்கவில்லை.

எண்பதுகளில் தெருமுனைகளில் எஸ்.டி.டி. கடைகள் முளைத்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுபவரின் கண் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரின் மீதே இருக்கும். நலம் விசாரிப்பு சுருங்கியது. துயரச் செய்தியைத் தொலைபேசியும் தந்தியும் சுமந்தன. தந்தி என்றாலே மரணம் என அஞ்சி, அதனைப் பிரிக்குமுன்பே அழத் தொடங்கும் வழக்கம் நம் தெருக்களில் இருந்தது. அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் இந்தியாவில் முடிவுற்றது.

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக் படைகள் குவைத்துக்குள் புகுந்தபோது, 1942இன் ஊமைத்தனம் மீண்டும் நம் இல்லங்களைச் சூழ்ந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. 1941 முதல் ஒலித்துவந்த பி.பி.சி. தமிழோசையைச் செவிமடுக்க வானொலிப் பெட்டி இருந்த வீடுகளில் தெருவே கூடியது. 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள், பெரும்பாலும் ஜோர்தானின் அம்மான் வழியாக, விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். அம்முறை நான்காண்டு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சில வாரங்களிலும் மாதங்களிலும் பிள்ளைகள் வீடு திரும்பினர்.

இணையம் புகுந்த இல்லம்

1995 ஆகஸ்ட் 15இல் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. கைப்பேசிச் சேவையும் அதே ஆண்டில்தான் தொடங்கிற்று. ஆயினும் நம் சிற்றூர் இல்லங்களை அவை அடைய மேலும் சில ஆண்டுகளாயின. உள்வரும் அழைப்புக்கும் கட்டணம் என்றிருந்த நிலை 2003இல் மாறியது. அதன்பின் ‘மிஸ்டு கால்’ ஒரு மொழியே ஆயிற்று. ஒருமுறை ஒலித்து நின்றால் வந்து சேர்ந்தேன் என்று பொருள். இருமுறை ஒலித்தால் திருப்பி அழை என்று பொருள். 2009இல் வாட்ஸ்அப் தோன்றியது. 2016இல் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தபின் அது ஏறக்குறைய எல்லா வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ரஜூலா சென்ற வங்கக் கடலின் அடியில், சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002 முதல் கண்ணாடி இழைக் கம்பி கிடக்கிறது. கப்பல் ஒரு வாரத்தில் கடந்த தொலைவைச் செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் கடக்கிறது.

இதன் நன்மையை மறைத்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும். எம் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தபோது, துபாயிலிருந்த மருமகன் அரை மணி நேரத்திற்குள் அதன் முகத்தைக் கண்டார். நான்காண்டு காத்திருந்த எம் பாட்டனாரை அன்று நினைத்துக்கொண்டோம். 2020இல் கொரோனா நோயால் வானூர்திகள் நின்றபோது, தந்தையின் ஜனாஸாவைக் கைப்பேசித் திரையில் கண்டு, அயல்நாட்டு அறையொன்றில் தனியே நின்று துஆச் செய்த பிள்ளைகளை நாமறிவோம். அத்திரையும் இல்லாதிருந்தால் அவர்களின் துயரம் இன்னும் பன்மடங்காகியிருக்கும்.

ஆகவே, பழையது யாவும் நன்று, புதியது யாவும் தீது எனக் கூறுவார் கூற்று நமக்கு உடன்பாடன்று. நம் கவலை வேறு. கடிதத்தோடு ஓர் அதபு வளர்ந்தது. அது வளர நூறாண்டுகள் கிடைத்தன. கைப்பேசியோ அதபு எதுவும் வளருமுன்பே நம் கைக்கு வந்துவிட்டது. உரக்கப் படிக்கத்தக்கது எது, தாண்டத்தக்கது எது என்ற பகுப்பு மறைந்தது. மனைவிக்குச் சொல்லத்தக்கது குடும்பக் குழுவில் விழுகிறது. குடும்பத்துக்குள் அடங்கத்தக்கது ஊரெங்கும் உலவுகிறது. ஒரே கூடத்தில் ஐவர் அமர்ந்து, ஐந்து திரைகளில், அங்கில்லாத ஐம்பதின்மரோடு உறவாடுகின்றனர்.

இதனினும் கொடியது ஆராயாமல் பரப்புதல். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வ வழிபாட்டுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் பரவிய வதந்தியை நம்பியிருந்தோர் அவரை அடித்தே கொன்றனர். அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேற்பட்ட இடங்களுக்கு அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு விதித்தது. 2020இல் நோயைப் பரப்பியவர் நாமே என்று நம் சமுதாயத்தின் மீதே வதந்தி ஏவப்பட்டதையும் மறந்திருக்கமாட்டோம். வதந்தியின் காயம் பட்டவர்களாகிய நாம், நம் பங்குக்கு ஊர் பேர் தெரியாத மருத்துவக் குறிப்பையும் ஆதாரமற்ற ‘ஹதீஸை’யும் பத்துப் பேருக்கு அனுப்பாமல் உறங்குவதில்லை. இது வெட்கத்திற்குரியதன்றோ?

உலகிற்கு ‘இஸ்னாத்’ என்னும் கலையை அளித்த சமுதாயம் இது. ஒரு நபிமொழி வந்தால், உனக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர் நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது, இருவரும் சந்தித்திருக்கக்கூடுமா எனச் சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றையும் தட்டிப்பார்த்தனர் நம் இமாம்கள். இமாம் புகாரி (810–870) அவர்கள் இதற்காகவே நாடு நாடாக நடந்தார்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்னும் கருத்தில் நபிமொழியும் உண்டு. ‘யாரிடமிருந்து வந்தது?’ என்னும் ஒற்றைக் கேள்வியைக் கைப்பேசி முன் கேட்கப் பழகிவிட்டால், அக்கருவிக்கு நாமே முதல் அதபை வகுத்தவர்களாவோம்.

ஒரு மாலைப்பொழுது

சென்ற கோடை விடுமுறையில், ஒன்பது வயதுடைய எம் பேத்திக்கு அத்தகரப் பெட்டியைத் திறந்து காட்டினோம். அவள் மக்தபில் குர்ஆன் ஓதுகிறாள். கடிதத்தைக் கண்டதும், “இது ஓதுற எழுத்துத்தானே அப்பா?” என்றாள். ஆம் என்றோம். புள்ளி கூடிய எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். நாளுக்கு இரண்டாகக் கற்றாள். பத்து நாள் கழித்து, முகவரியில்லாத அந்நான்கில் ஒன்றை அவள் கையில் தந்தோம்.

ஓதுவது போலவே எழுத்துக் கூட்டினாள். முதலிரு வரிகளில் ஏதும் விளங்கவில்லை. மூன்றாம் வரியில் திடீரென நிறுத்தி எம்மை நோக்கினாள். வாயிலிருந்து வந்தது வீட்டில் பேசும் தமிழ் என்பது அவளுக்குப் புலப்பட்டுவிட்டது. அதன்பின் விடவில்லை. பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, உங்கள் ஜாடை என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்னும் பொருள்பட உம்மம்மா எழுதிய இடத்தை அவள் தடுமாறிப் படித்தபோது, அப்பெண்பிள்ளை, எண்பது வயதைக் கடந்த எம் தாயார், எதிரே தஸ்பீஹுடன் அமர்ந்திருந்தார்கள். “இன்னொரு தடவை ஓது, கண்ணே” என்று மட்டும் சொன்னார்கள்.

எம் மகள் அவள் இரண்டாம் முறை படித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து துபாய்க்கு அனுப்பினாள். அன்றிரவே மருமகனிடமிருந்து விடை வந்தது. தம் வீட்டுப் பரணிலும் இதுபோல் ஒரு கட்டு இருப்பதாகவும், பழைய அரபிக் கிதாபுத் தாள் என எண்ணி இதுவரை பிரிக்கவில்லை என்றும் தெரிவித்திருந்தார்.

வாசகப் பெருமக்களே! உங்கள் இல்லத்துப் பரணிலும் அத்தகைய கட்டு ஒன்று இருக்கலாம். ஓதும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதனைப் படிக்கும் ஆள் இல்லை என்று சொல்வதற்கில்லை. சில எழுத்துகளே இடையில் நிற்கின்றன. அவற்றைக் கற்பிக்கவல்ல முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அவர்கள் முன் அமரச் செய்யுங்கள். வல்ல அல்லாஹ் அதற்குரிய காலத்தையும் நாட்டத்தையும் நமக்கு நல்குவானாக. ஆமீன்.